வசந்தாமணி காத்த செஞ்சிக் கோட்டை

அந்தச் சேர்ல உட்காராதீங்க, ஒரு கால் ஆடுது. இங்க வாங்க, பக்கத்துல காலியாத்தான் இருக்கு. நீங்க யாருக்குங்க வந்திருக்கீங்க? மச்சானுக்கா. வண்டில விழுந்துட்டாப்லயா. சரியாயிருமுங்க, சின்ன வயசுதானே. நான் என் சம்சாரத்துக்கு வந்திருக்கேன். உள்ள ஸ்கேன்ல இருக்கா. நாப்பது நிமிஷம் ஆகும்னு சொல்லீட்டு அந்த நர்ஸ் பொண்ணு கதவைச் சாத்தீருச்சு. தாலி, தோடு, வளையல் எல்லாம் கழட்டி என் கையில குடுத்துட்டாங்க. பாருங்க, கர்ச்சீப்ல முடிஞ்சு வச்சிருக்கேன்.

என்ன வியாதின்னு கேக்கறீங்களா. வியாதியே இல்லீங்க. அவ மூளைக்கு ஒண்ணுமே இல்ல. அது இந்த ஆஸ்பத்திரில எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். டாக்டருக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. உங்ககிட்டச் சொல்றதுல ஒண்ணுமில்ல, நீங்க யாரோ நான் யாரோ.

நான் ஒரு மோட்டார் பம்பு கம்பெனில டிராயிங் ஆபீஸ்ல முப்பத்திநாலு வருசம் இருந்தேங்க. நம்ம கையில ஒரு கோடு தப்பாப் போனதில்ல. ஒரு தடவ அளவு சேரலைன்னு ஒரு லாட் பம்பு பூராவும் திரும்பி வந்துருச்சு. அது புளூபிரிண்ட் எடுத்தவன் தப்பு. காகிதம் சுருங்கிப் போச்சு. அப்பவும் அதைத்தான் சொன்னேன், இன்னிக்கும் அதைத்தான் சொல்வேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சண்டை விளையாட்டு. கம்ப்யூட்டர்ல சுட்டுத்தள்ற சமாச்சாரம் இல்லீங்க. பெரிய அட்டையில வரைபடம், அது மேல ஆறுமூலைக் கட்டம், கட்டத்துக்கு ஒரு நம்பர். அரை இஞ்சு அட்டைத்துண்டுதான் காய். ஒரு காய்னா ஒரு படை. பழைய காலத்துல நிஜமா நடந்த சண்டையை எடுத்துக்கிட்டு, ஒருத்தர் கோட்டையை முற்றுகை போடுவாங்க, இன்னொருத்தர் காப்பாத்துவாங்க. வெளிநாட்டுல இதைப் பெட்டி பெட்டியா விக்கறாங்க. நான் வாங்கல, நானே வரைஞ்சேன். செஞ்சிக் கோட்டை. ரிட்டயர் ஆன பின்னாடி ஒண்ணரை வருசம் பிடிச்சுது. மூணு மலை, மூணையும் சேர்த்து ஒரு மதில், உள்ள மராட்டியப் படை, வெளியில மொகலாயப் படை. நிஜத்துல ஏழெட்டு வருசம் இழுத்துக்கிட்டுக் கெடந்த முற்றுகை. நம்ம விளையாட்டுல இருபத்திநாலு ரவுண்டு. அதுவரைக்கும் கோட்டை நின்னுருச்சுன்னா காக்கறவங்க ஜெயிச்ச மாதிரி.

இதுல கஷ்டமான வேலை காக்கறதுதானுங்க. சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எந்தக் காய் எங்கன்னு முடிவு பண்ணியாகணும். எதிராளி பார்க்கக்கூடாது, அதனால ஒரு தாள்ல பென்சில்ல எழுதணும். பீரங்கிக்கு இந்த நம்பர், குதிரைக்கு இந்த நம்பர்னு. எழுதிக் கவர்ல போட்டு நடுவர்கிட்டக் குடுத்துரணும். நடுவர் நான்தான். எதிராளி கிட்ட வந்தாத்தான் அந்தக் கட்டத்துக் காயை எடுத்து வெளியில கவுத்து வைப்பேன், மோதினாத்தான் திருப்பிக் காட்டுவேன். ஒரே தாள், நகல் வச்சுக்கக்கூடாது. கவர் ஒட்டினப்புறம் யாரும் திருத்தக்கூடாது. இதெல்லாம் நான் போட்ட சட்டம்.

இன்னொண்ணும் சொல்லணும். நம்பர்ல தகராறு வரக்கூடாதுன்னு எங்க ஆளுங்க எல்லாத்துக்கும் டிராயிங் ஆபீஸ் எழுத்தைப் பழக்கி விட்டேன். ஏழுக்கு நடுவுல ஒரு கோடு, நாலுக்கு மேல திறந்து விடணும், ஒண்ணுன்னா நேர் கோடு. யாரு எழுதினாலும் ஒரே கை எழுதின மாதிரி இருக்கும். அதுல எனக்கு ரொம்பப் பெருமைங்க.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு முன் ரூம்ல கூடுவோம், நாலு பேரு. குப்புராஜ்னு ஒருத்தர், டெலிபோன்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர், முற்றுகை போடறதுல கெட்டிக்காரர். எப்பவும் காக்கற பக்கம் உட்கார்றவர் போன ஆனி மாசம் மகன் வீட்டோட பெங்களூர் போயிட்டார். ஆள் குறையுது. அப்பத்தான் நான் வசந்தாமணிகிட்ட, "சும்மா பேருக்கு உட்காரு, காயை எங்கியாச்சும் வை"ன்னு சொன்னேன். வசந்தாமணிதான் என் சம்சாரம். இத்தனை வருசமா டீ கொண்டாந்து வச்சுட்டுப் போவாளே தவிர, அந்த மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்ல.

பேருக்கு உட்காருன்னு சொன்னது என் தப்பா? எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க.

அவ ஒரு பெண்கள் ஹாஸ்டல்ல ஸ்டோர் பொறுப்புல இருந்தவ. இருபத்தெட்டு வருசம், முந்நூறு புள்ளைங்க. அரிசி எத்தனை நாளைக்கு வரும், கேஸ் எப்பத் தீரும், எல்லாம் தலைக்குள்ளயே வச்சிருப்பா. ஆபீஸ்ல ரிஜிஸ்டரைத் தேடறதுக்குள்ள இவ வாயிலயே சொல்லிருவாளாம். அந்த ஞாபகத்துல அவளுக்கு ஒரு கர்வம் உண்டுங்க, நியாயமான கர்வம்.

அவளுக்கும் அந்த எழுத்தைப் பழக்கி விட்டு, சட்டப் புஸ்தகத்தைக் குடுத்தேன், நாப்பத்தொரு பக்கம். எங்க கூட்டத்துல ஒருத்தரும் பத்துப் பக்கம் தாண்டினதில்ல. இவ ரெண்டு நாள்ல முழுசும் படிச்சுட்டு வந்து என்ன கேட்டா தெரியுங்களா? "ஏனுங்க, உள்ள எத்தனை பேரு இருக்காங்க? தண்ணி எங்கிருந்து வருது?"

"தண்ணியா? மதிலைப் பாரு, வாசலைப் பாரு. சண்டை அங்கதான்"னேன்.

"முப்பத்தாறாம் பக்கத்துல நீங்கதானே எழுதியிருக்கீங்க. மலை மேல இருக்கற சுனை எதிராளி கைக்குப் போயிட்டா உள்ள இருக்கறவங்க ரவுண்டுக்கு ஒரு காய் இழக்கணும். மதிலுக்குள்ள பூந்தவனுக்குத் தண்ணி இல்லைன்னா அவனும் இழக்கணும்னு."

எழுதியிருக்கேனுங்க. முழுமையா இருக்கட்டும்னு எழுதினது. அதை வச்சு யாராச்சும் யோசிப்பாங்கன்னு நான் நினைக்கல.

ஆடி மாசம் பூராவும் அவளுக்கு இதே வேலை. சாப்பாட்டு மேஜையில துவரம்பருப்பு நம்ம ஆளு, கடுகு மொகலாயன். பரப்பி வச்சுப் பார்ப்பா, அழிப்பா, மறுபடி பரப்புவா. சப்பாத்திக்கு மாவு பிசையறவ திடீர்னு கையை நிறுத்திட்டு நிப்பா. என்ன வசந்தான்னா, "குதிரைக்கும் தண்ணி வேணும்ல"ம்பா. கல்யாணமான நாள்ல இருந்து நான் அவளை இவ்வளவு சந்தோசமாப் பார்த்ததில்ல. அதையும் உள்ளபடி சொல்லிர்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தாளை எழுதி, கவர்ல போட்டு, ஒட்டி என் கையில குடுத்தா. "ஜெயிச்சுருவேனுங்க"ன்னா. சத்தமாக்கூட இல்ல, காதோட சொன்னா.

ஞாயித்துக்கிழமை காலைல அவ தலைக்குக் குளிக்கப் போயிருந்தா. நடுவர் முன்னாடியே கவரைப் பிரிச்சுப் பார்த்துக்கணும், அது முறைதான். பிரிச்சேன். பார்த்தேன். வடக்கு வாசல்ல ஒரே ஒரு காய். அதுவும் கிழட்டுக் காலாட்படை. பெரிய பீரங்கியையும், ரிசர்வு படையையும் கொண்டு போய் மலை மேல, சுனை இருக்கற 317-ஆம் கட்டத்துல வச்சிருக்கா. குப்புராஜ் மூணாவது ரவுண்டுல வாசலை உடைச்சுருவாரு. உடைச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாரு. முப்பது வருசமா விளையாடறவன் பொண்டாட்டிக்கு ஒரு வாசலைக் காக்கச் சொல்லிக் குடுக்கலையான்னு கேப்பாரு.

அவ அவமானப்பட்றக்கூடாதுன்னுதானுங்க செஞ்சேன். அவளுக்காகத்தான். சரி, எனக்காகவும்தான்னு வச்சுக்கங்க.

டிராயிங் ரப்பர் எடுத்தேன். ரெண்டு 317-ஐயும் அழிச்சேன், அவளே அங்கங்க அழிச்சு எழுதின தாள்தான் அது. ரெண்டுலயும் 142-ன்னு எழுதினேன். 142 வடக்கு வாசல். அவ பென்சிலையேதான் எடுத்து எழுதினேன். புதுக் கவர்ல போட்டு ஒட்டினேன். மொத்தமே மூணு நிமிஷம் இருக்கும். அவ துண்டோட வெளிய வந்தப்ப நான் பேப்பர் படிச்சுட்டிருந்தேன்.

அவகிட்டச் சொல்லியிருக்கலாமுல்லன்னு கேக்கறீங்க. சொன்னா ஒத்துக்குவாளா? விளக்கம் கேப்பா. நேரமில்ல, பத்து மணிக்கு ஆளுங்க வந்துருவாங்க.

ஆட்டம் ஆரம்பிச்சுது. குப்புராஜ் வடக்கு வாசல் பக்கம் ஆள் விட்டுப் பார்த்தார். நான் காயை எடுத்துக் கவுத்து வச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. வசந்தாமணி முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தா. எதோ கேக்க வந்தவ, எதிராளி முன்னாடி வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டா. வாசல்ல இவ்வளவு பலமான்னு குப்புராஜ் அங்கிருந்து நகர்ந்துட்டார். படையைச் சுத்தி விட்டு மேற்குப் பக்கமா மலை ஏறினார். எட்டாவது ரவுண்டுல சுனைக்குக் கீழ வந்து நின்னார். அப்ப அவ நிமிர்ந்து உட்கார்ந்தா. "317-ல இருக்கற பீரங்கி சுடட்டும்"னா.

நான் தாளைப் பார்த்தேன். நடுவர் தாள்ல இருக்கறதைத்தானே சொல்லணும்.

"317-ல ஒண்ணும் இல்ல"ன்னேன்.

"பெரிய பீரங்கிங்க. ரிசர்வும் அங்கதான் இருக்கு."

"இல்ல வசந்தா. ரெண்டும் 142."

ஒம்பதாவது ரவுண்டுல சுனை போச்சு. அப்புறம் ரவுண்டுக்கு ஒரு காயா எடுத்துக் கீழ வச்சா. பதினஞ்சாவதுல முடிஞ்சுது. குப்புராஜுக்கே ஒரு மாதிரி ஆயிப் போச்சு. "தங்கச்சி, சுனையில பீரங்கி இருந்திருந்தா நான் செத்தேன். வாசலையும் தொறந்து விட்டிருந்தீங்கன்னா நேரா உள்ள பூந்திருப்பேன். உள்ள தண்ணி கெடையாது, மேல இருந்து பீரங்கி. படை பூராவும் அங்கியே காஞ்சு போயிருக்கும். யோசனையே பண்ண முடியலீங்க"ன்னாரு.

"அதுதாண்ணா என் யோசனை"ன்னா இவ.

அப்பத்தான் எனக்கே புரிஞ்சுது. நான் வரைஞ்ச கோட்டை, நான் எழுதின சட்டம். அதுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியல, அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

தாளைக் கேட்டு வாங்கினா. ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா. "இதை நானா எழுதினேன்?"

அந்த நிமிஷத்துல நான் சொல்லியிருக்கணும். நாலு பேரு முன்னாடிங்க. சட்டம் போட்டவனே நான். நான் என்ன சொன்னேன்னா, "நீதானே எழுதினே? உன் எழுத்துத்தானே அது?"

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அவங்க அம்மா கடைசி ஆறு வருசம் எல்லாம் மறந்து போய்த்தான் இருந்தாங்க. குளிச்சதை மறந்து மறுபடி குளிப்பாங்க. இவதான் பார்த்துக்கிட்டா. கடைசில இவளையே பார்த்து, "நீங்க யாரூட்டுப் பொண்ணுங்க"ன்னு கேட்டாங்க. இதெல்லாம் தெரிஞ்சவன் நான். தெரிஞ்சே, எல்லாரும் எந்திரிச்சுச் செருப்புப் போடற நேரத்துல, சிரிச்சுக்கிட்டே, "உங்கம்மா மாதிரி ஆரம்பிச்சுட்டியா"ன்னு கேட்டேன். தமாஷாத்தான். பேச்சை மாத்தறதுக்காகக் கேட்டது.

அவ சிரிக்கல. டம்ளர் எல்லாம் எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

அன்னிக்கு ஆரம்பிச்சதுங்க. கேஸை மூடினமான்னு நாலு தடவ போய்ப் பார்த்தா. எங்க அபார்ட்மெண்ட்ல தண்ணி மோட்டார் ரூம் சாவி அவகிட்டத்தான் இருக்கும், பதினெட்டு வீட்டுத் தண்ணியும் அவ பொறுப்பு. அதைக் கொண்டு போய்ச் செக்ரட்டரிகிட்டக் குடுத்துட்டு வந்துட்டா. ஸ்கூட்டர் சாவியை மக வந்தப்ப அவ பையில போட்டு விட்டுட்டா. வழி மறந்துட்டா என்ன பண்றதுன்னு. இதே ஊருல நாப்பது வருசமா ஓட்டினவ. நான் சும்மா இருந்தேன். நாலு நாள்ல சரியாயிரும்னு நினைச்சேன். ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு.

அவளேதான் டாக்டர்கிட்டப் போகணும்னா. அந்த டாக்டர் அஞ்சு வார்த்தை சொல்லி, அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திருப்பிக் கேட்டாரு. ஹாஸ்டல் புள்ளைங்க அத்தனை பேர் பேரையும் வரிசையாச் சொன்னவ, மூணு வார்த்தைதான் சொன்னா. பயமுங்க. பயந்தா எனக்கும் உங்களுக்கும்கூட வராது. டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிட்டாரு. நான் பக்கத்து நாற்காலில உட்கார்ந்துதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. டாக்டர் முன்னாடி எப்படிங்க சொல்றது?

முந்தாநேத்து பீரோவுல கரண்ட் பில்லைத் தேடினேன். ஒரு நோட்டு கெடைச்சுது. புது நோட்டு. நம்ம டிராயிங் ஆபீஸ் எழுத்துல நம்பர் போட்டு எழுதியிருக்கா. முதல் பக்கம் தண்ணி. சிறுவாணித் தண்ணி எந்தக் கிழமை வரும், எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்பணும், தொட்டி நிறைய எவ்வளவு நேரம். ரெண்டாம் பக்கம் என் மாத்திரை. எது காலைல, எது சாப்பிட்டப்புறம். மூணாம் பக்கம் குக்கர்ல சாதம் வைக்கறது எப்படி. அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணி, எத்தனை விசில். எனக்கு டீ மட்டுந்தான் போடத் தெரியும்னு அவளுக்குத் தெரியும். கடைசிப் பக்கத்துல, நான் உங்களை யாருன்னு கேட்டா கோவிச்சுக்காதீங்கன்னு எழுதி, அதை அடிச்சு வச்சிருக்கா.

பீரோவுக்கு முன்னாடியே உட்கார்ந்துட்டேன். கோட்டைக்கு எப்படி யோசிச்சாளோ அப்படியே யோசிச்சிருக்கா. தான் இல்லாமப் போயிட்டா நான் எப்படித் தாக்குப் பிடிப்பேன்னு. நான் அவளுக்கு என்ன பண்ணியிருக்கேன் பாருங்க. எனக்கு என்னை நினைச்சாலே அருவருப்பா இருந்துச்சு.

நேத்துக் காலைல சொல்லீட்டேனுங்க. அடுப்படில தோசை ஊத்திட்டிருந்தா. நின்ன வாக்குல எல்லாத்தையும் சொன்னேன். கவரைப் பிரிச்சது, ரப்பர், 317, 142, எல்லாம். "தப்பு என்னுது வசந்தா. உனக்கு ஒண்ணுமே இல்ல. நான்தான் பண்ணினேன்"னேன். எனக்கு அழுகையே வந்துருச்சு.

அவ அடுப்பை சிம்ல வச்சா. என்னையே பார்த்துட்டிருந்தா. கோவப்படுவா, கரண்டியை வீசுவா, என்னமோ பண்ணட்டும்னு நின்னேன். பண்ணியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ முகம் கொஞ்சங்கொஞ்சமா வெளுத்துக்கிட்டே வந்துச்சு.

ஓடிப்போய்ப் பென்சில் கொண்டாந்தேன். காலண்டர் தாளைக் கிழிச்சு, அவ கண்ணு முன்னாடியே 317 எழுதி, அழிச்சு, 142 எழுதிக் காட்டினேன். பாரு, அதே எழுத்துத்தானே, பாரு, பாருன்னேன். அவ அதை வாங்கிப் பார்த்தா. தடவிக்கூடப் பார்த்தா.

"யாரு எழுதினாலும் இந்த எழுத்து இப்படித்தானே இருக்கும். என்னைத் தேத்தறதுக்காகவா எழுதிக் காட்டறீங்க?"ன்னா.

"வசந்தா, சத்தியமாச் சொல்றேன்."

"நமக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசமாச்சு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, தப்பு என்னுதுன்னு நீங்க சொல்லி நான் கேட்டதில்ல. மைசூர்ல ரயிலை விட்டப்பக்கூட ஸ்டேஷன் கடிகாரம் தப்புன்னுதான் சொன்னீங்க. இன்னிக்கு அழுதுக்கிட்டு வந்து சொல்றீங்க." என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "டாக்டர் உங்களைத் தனியாக் கூப்பிட்டு என்னமோ சொல்லியிருக்காரு. மறைக்காதீங்க. எனக்கு இன்னும் எவ்வளவு நாளைக்கு ஞாபகம் இருக்கும்னு சொன்னாரு?"